அம்மாவின் மோட்டார் ஏன் கனத்தது?

செமஸ்டர் விடுமுறைக்குக் கமுந்திங் வந்த மறுநாள், அம்மாவின் மோட்டாரை எடுத்துக்கொண்டு தைப்பிங் சந்தைக்குப் போய் வந்தேன். போக வர எல்லாம் சேர்த்தால் பத்துக் கிலோமீட்டர் இருக்கும். வீட்டு வாசலில் நிறுத்தும்போது தூறல் தொடங்கியது. பின்சக்கரத்தின் நடுவில் விழுந்த துளி ஒன்று 'சுர்' என்று ஆவியானது. தோசைக் கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி.

முன்சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. பின்சக்கரத்தைத் தொடப் போன விரலை இழுத்துக்கொண்டேன்.

"ம்மா, பின்னால பிரேக் பிடிச்சிக்கிட்டே இருக்கு போல."

"அது பழைய மோட்டார் பாப்பா. கொஞ்சம் கனமாத்தான் ஓடும்."

அந்தக் 'கனம்' எத்தனை நாளாக என்று கேட்டேன். அம்மாவுக்கு நினைவில்லை. ஐந்தாறு மாதம் இருக்கலாம் என்றார். பெட்ரோல் முன்பு போல நிற்பதில்லை என்பது தெரிந்திருக்கிறது. உடன் வேலை செய்யும் அக்கா ஒருவர், "ஒங்க பிரேக் லைட்டு எப்பப் பாத்தாலும் எரியுதே" என்று சொன்னதும் நினைவிருக்கிறது. ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றி 35 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு பழையபடி கனம். கனத்துக்கு அம்மா பழகிவிட்டார்.

மோட்டார், என்னைவிட மூத்த ஹோண்டா ஈ.எக்ஸ்.5. அதை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் இந்தப் பக்கத்தை வாசிக்கும் யாருக்கும் இருக்காது. ஆனாலும் ஒரு செய்தி. இதன் மூதாதையான சூப்பர் கப் 1958இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ஹோண்டாவின் விற்பனை உரிமையை இங்கே கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பேருந்து கழுவி, மெக்கானிக் தொழில் கற்றவர் அவர். 'கப்' என்பதோடு 'சிறிசு' என்ற பொருள் தரும் சீனச் சொல்லை ஒட்டித்தான் நாம் 'கப்சாய்' என்கிறோம் என்பார்கள். 2017இல் உலகம் முழுவதும் தயாரான சூப்பர் கப் வண்டிகள் 10 கோடியைத் தொட்டன. பால்மரக் காட்டுக்குப் போகவும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பிறகு தொழிற்சாலைக்கு ஷிப்ட் போகவும் நம் வீடுகளில் இருந்தது இந்த வகை வண்டிதான். பாகங்கள் எளிமையானவை. பின் பிரேக்கில் எண்ணெயோ குழாயோ கிடையாது. மிதி, ஒரு நீளக் கம்பி, ஒரு சிறிய கை, உள்ளே இரண்டு ஷூ. அவ்வளவு எளிமையான ஒன்று ஐந்து மாதம் பிடித்துக்கொண்டே இருந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியும், கழற்றத் தெரியாது. நான் படிப்பது கணக்கியல். ஆகவே இரண்டு வீடு தள்ளி இருக்கும் தாத்தாவிடம் போனேன். சொந்தத் தாத்தா இல்லை. அம்மா பிறந்த தோட்டத்தில் டிராக்டர் பட்டறையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர், அம்மாவுக்கு 'மாமா'. இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, கை நடுங்குகிறது. "நான் செய்ய மாட்டேன், ஒக்காந்து சொல்றேன். நீதான் செய்யணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார்.

"மொதல்ல எதையும் கழட்டாத. சக்கரத்தச் சுத்து."

டபுள் ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் வேகமாகத் தள்ளினேன். நல்ல நிலையில் உள்ள சக்கரம் ஒரு தள்ளுக்குச் சில சுற்றாவது சுற்ற வேண்டும். எங்களுடையது அரைச் சுற்றில் 'சர்ர்ர்' என்று நின்றது. பிரேக் மிதியைக் கையால் அழுத்திவிட்டுத் தாத்தா சக்கரத்தின் வலப்பக்கம் இருக்கும் சிறிய கையைப் பார்க்கச் சொன்னார். மிதியை விட்டதும் அது பட்டென்று பின்னால் திரும்ப வேண்டும். தூங்கி எழுந்தவன் சோம்பல் முறிப்பது போல மெல்ல நகர்ந்தது, பாதியில் நின்றுவிட்டது. மிதியும் முழுதாக மேலே வரவில்லை. பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்ததன் காரணம் அதுதான். விளக்கின் சுவிட்சை இயக்குவது மிதி. மிதி மேலே வராவிட்டால் விளக்கு அணையாது. பின்னால் வருகிற லாரிக்காரருக்கு அம்மா எப்போது உண்மையிலேயே பிரேக் போடுகிறார் என்று தெரிய வழியில்லை.

பிறகு கம்பியின் முனையில் உள்ள சரிசெய்யும் நட்டை முழுதாகத் தளர்த்தச் சொன்னார். இது முக்கியமான சோதனை. நட்டைத் தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டுச் சுற்றினால், கோளாறு வெறும் முறுக்கத்தில் இருக்கிறது. சரியான அளவில் முறுக்கினால் போதும். தளர்த்திய பிறகும் உரசினால் கோளாறு உள்ளே இருக்கிறது. அல்லது அது பிரேக்கே இல்லை. செயின் அதிகம் இறுகியிருக்கலாம், சக்கரத்தின் பேரிங் போயிருக்கலாம். எங்கள் சக்கரம் நட்டை விட்டதும் கொஞ்சம் இலகுவானது. ஆனால் உரசல் நிற்கவில்லை. செயினை விரலால் தூக்கிப் பார்த்தேன், தளர்வு போதுமானதாக இருந்தது. சக்கரத்தை இரு பக்கமும் ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை.

"ரெண்டு கோளாறு இருக்கு" என்றார் தாத்தா. "ஒண்ணு வெளியில, ஒண்ணு உள்ள. ஷூ மாத்துனவன் ரெண்டையும் பாக்கல."

வெளியில் இருப்பது எது என்று அவர் அம்மாவைத்தான் கேட்டார். "ஏம்மா, செயின் எப்ப இறுக்குன?" ஷூ மாற்றிய இரண்டு வாரத்தில் செயின் சத்தம் போட்டது என்று வேறோர் இடத்தில் இறுக்கியிருக்கிறார். கனம் திரும்பி வந்ததும் அப்போதுதான்.

செயினை இறுக்குவதற்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவில்லை. தாத்தா விளக்கிய பிறகு, இது எப்படிப் புரியாமல் போனது என்று தோன்றியது. செயினை இறுக்க வேண்டுமென்றால் பின்சக்கரத்தையே சில மில்லிமீட்டர் பின்னால் தள்ள வேண்டும். பிரேக் மிதி வண்டியின் சட்டத்தில் பொருத்தப்பட்டது, அது நகராது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கம்பியின் நீளமும் மாறாது. ஆக, சக்கரம் பின்னால் போனால் கம்பி பிரேக் கையை முன்னால் இழுக்கும். 3 மில்லிமீட்டர் பின்னால் தள்ளுவது என்பது, சரிசெய்யும் நட்டை இரண்டு மூன்று சுற்று இறுக்கியதற்குச் சமம். அதனால் செயினை இறுக்கியவர் உடனே பிரேக் நட்டைத் தளர்த்தி மீண்டும் அளந்து வைக்க வேண்டும். வரிசையும் அதுதான்: முதலில் செயின், பிறகு பிரேக். அம்மாவின் மோட்டாருக்கு அந்தக் கடைசி வேலை நடக்கவில்லை.

உள்ளே இருக்கும் கோளாறைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. இந்த வண்டியில் ஒரு வசதி: அச்சை உருவிய பிறகு பல்சக்கரமும் செயினும் இருந்த இடத்திலேயே தங்கிவிடும், சக்கரம் மட்டும் வலப்பக்கம் நகர்ந்து வெளியே வரும். சரிசெய்யும் நட்டு, அதன் ஸ்பிரிங், கம்பி கோக்கும் சிறிய உருளை இவற்றை எடுத்து ஒரு மைலோ டின் மூடியில் கழற்றிய வரிசைப்படி வைத்தேன். அடுத்து பிரேக் தட்டைச் சுழலவிடாமல் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை. அதன் போல்ட்டில் ஒரு பிளவு ஊசி இருக்கும். அதை எடுக்கும்போது தாத்தா என் கையைத் தடுத்தார்.

"இத நல்லாப் பாத்துக்க. திரும்பிப் போடும்போது எதை மறந்தாலும் மறக்கலாம், இத மறக்கக் கூடாது. இந்தப் பட்டை இல்லாம பிரேக் மிதிச்சா உள்ள இருக்கற தட்டு சக்கரத்தோடயே சுத்திடும். கம்பிய முறுக்கிப் பிச்சுடும். சக்கரம் அப்படியே நிக்கும்."

சக்கரம் வெளியே வந்தது. நாம் 'ஹப்' என்று சொல்லும் நடுப்பகுதியைத் தாத்தா 'குடம்' என்றார். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு உரிய சொல். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள்தான். ஆனால் இந்தச் சொல்லை இருபது வயதில் ஒரு ஹோண்டாவின் மூலமாகத் தெரிந்துகொண்டேன். தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் 'உராய்வு' படித்தேன், இடைநிலைப்பள்ளியில் அதையே 'கெசெரான்' என்று படித்தேன். இரண்டு மொழியிலும் தேர்வில் சரியாகவே எழுதினேன். உராய்வு எப்படி மணக்கும் என்று மட்டும் அன்றுதான் தெரிந்தது. குடத்துக்குள்ளிருந்து கருகிய ரப்பர் போன்ற ஒரு வாடை வந்தது.

உள்ளே கறுப்புத் தூசி நிறைய இருந்தது. ஊதித் தள்ளலாம் என்று குனிந்தேன். தாத்தா அதட்டினார். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருந்தது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். இப்போது விற்கும் ஷூ எதனால் ஆனது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் ஊதக் கூடாது, காற்றடிக்கும் குழாயையும் வைக்கக் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட வேண்டும். பட்டறைகளில் காற்றடித்து ஊதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே நின்றுகொண்டு தேநீரும் குடித்திருக்கிறேன்.

தட்டில் இரண்டு ஷூ, பிறை வடிவில். ஒரு முனையில் இரண்டும் ஓர் ஆணியைச் சுற்றி நிற்கின்றன. மறு முனையில் அவற்றுக்கு நடுவே ஒரு தட்டையான துண்டு இருக்கிறது. அதற்குக் கேம் என்று பெயர். மிதியை அழுத்தினால் கம்பி இழுக்கிறது, கை திரும்புகிறது, அதோடு கேம் திரும்பி இரண்டு ஷூவையும் அகட்டுகிறது. அவை டிரம்மின் உட்சுவரில் போய் அழுந்துகின்றன. மிதியை விட்டால் இரண்டு ஸ்பிரிங்குகள் ஷூக்களை மீண்டும் உள்ளே இழுக்கின்றன. ஷூக்களே கேமைப் பழைய நிலைக்குத் திருப்புகின்றன. அதாவது பிரேக்கைப் பிடிப்பது அம்மாவின் கால். விடுவது அந்த இரண்டு சிறிய ஸ்பிரிங்கும் மிதியின் ஸ்பிரிங்கும்தான். காலின் பலத்துக்கு ஸ்பிரிங்கின் பலம் ஈடாகாது. கேம் கொஞ்சம் துருப்பிடித்தாலும் கால் அதைத் திருப்பிவிடும். ஸ்பிரிங்கால் திருப்ப முடியாது.

எங்கள் கேம் துருப்பிடித்திருந்தது. கையால் திருப்பிப் பார்த்தேன். நறநறவென்று மணல் அரைத்தது. ஒரு காலத்தில் கிரீஸாக இருந்தது, காய்ந்து பழுப்பு மெழுகாகியிருந்தது.

கமுந்திங் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தடுப்பு முகாம் நினைவுக்கு வரும். எங்களுக்கு மழைதான். தைப்பிங் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் இது ஒன்று. இன்று எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் இது. புக்கிட் லாருட் மலைப்பக்கம் மேகம் இறங்கினால் துணி எடுக்க ஓட வேண்டும். அந்த மழையில் தினமும் நனைந்து, தொழிற்சாலை நிறுத்துமிடத்தில் எட்டு மணி நேரம் ஈரத்தோடு நிற்கும் வண்டி இது. கேம் தட்டுக்குள் நுழையும் இடத்தில், தண்ணீர் போகாமல் தடுக்க ஒரு கம்பளி வளையம் இருக்கும். எங்களுடையது நைந்து நூலாகியிருந்தது. தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கிறது.

புதிய ஷூவை மாற்றியவர் கேமைத் தொடவே இல்லை என்று நினைக்கிறேன். ஷூவை மாற்றுவது பத்து நிமிட வேலை. கேமைக் கழற்றி எடுப்பது அரை மணி நேரம் தின்னும். புதிய ஷூவைப் போடும்போது நட்டைத் தளர்த்தி வைத்திருப்பார்கள், அதனால் இரண்டு வாரம் தெரியவில்லை. அந்தப் புதிய ஷூவின் கதியையும் பார்த்தேன். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்க வேண்டியது. கண்ணாடி போல் மின்னியது. ஓயாத சூட்டில் வெந்து இறுகிப்போனதால் வந்த மினுமினுப்பு அது. இப்படி ஆன ஷூ பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்கும். எப்போதும் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் நல்ல பிரேக் என்று நான் மனதில் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறு. அதற்கு மிச்சம் வைத்திருக்கும் பிடி குறைவு.

அந்தச் சூடு எவ்வளவு என்று அன்றிரவு கணக்குப் போட்டேன். டயரின் விளிம்பில் 2 கிலோ எடை அளவுக்கு ஓர் எதிர்ப்பு, ஏறத்தாழ 20 நியூட்டன், இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 330 வாட்டுக்கு மேல் வருகிறது. சிறிய ரைஸ் குக்கர் ஒன்றை மூடிய குடத்துக்குள் வைத்து, அம்மா வேலைக்குப் போகும் நேரமெல்லாம் சோறு வடித்தது போல. அந்தச் சோற்றுக்கான எரிபொருள் அம்மா போட்ட பெட்ரோல். சூடு அங்கேயே நிற்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பேரிங்கின் கிரீஸ் இளகி ஷூவின் மேல் கசிந்தால், பிரேக் முழுதாகவே போய்விடும். எங்களுக்கு அந்த அளவுக்கு ஆகவில்லை.

கேமை எடுக்கும் முன் தாத்தா ஒன்று சொன்னார்: கை கேமின் மேல் எந்த நிலையில் இருக்கிறது என்று அடையாளம் வைத்துக்கொள். இரண்டும் பற்களால் கோக்கப்பட்டவை. ஒரு பல் தள்ளிப் போட்டால் எல்லாக் கோணமும் மாறிவிடும். இரண்டிலும் தயாரிப்பாளரே சிறு புள்ளி குத்தியிருப்பார்கள். எங்களுடையதில் துரு மறைத்திருந்தது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, வெள்ளைத் திருத்தும் மையால் ஒரு கோடும் போட்டேன். தேர்வறையைத் தாண்டி அந்த மை பயன்பட்டது அதுதான் முதல்முறை.

துரு நீக்கும் எண்ணெய் தெளித்து இருபது நிமிடம் காத்திருந்தோம். பிறகு இப்படியும் அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். சுத்தியலால் தட்டலாமா என்றேன். தட்டு அலுமினியம், உடைந்தால் புதிதுதான் வாங்க வேண்டும் என்றார். பதினைந்து நிமிடத்தில் கேம் கையோடு வந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

மெல்லிய உப்புத்தாளால் கேமைத் தேய்த்து மினுக்கினேன். அது நுழையும் துளையையும், ஷூக்கள் சுழலும் ஆணியையும் துடைத்தேன். அதிகச் சூடு தாங்கும் கிரீஸைப் பூசும்போது நிறையப் பூசினால் நல்லது என்று நினைத்து விரலில் அள்ளினேன். "ரொட்டிக்கு வெண்ணெய் தடவறியா?" என்றார் தாத்தா. மெல்லிய படலம் போதும். மிஞ்சினால் சூட்டில் உருகி ஷூவின் மேல் வடியும். ஷூவின் மினுக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாமா என்று பேசினோம். இலேசாக இருந்தால் எடுக்கலாம். இது ஆழமாக வெந்திருந்ததால் புதிய ஷூ வாங்கினோம். ஸ்பிரிங்குகளும் கம்பளி வளையமும்கூட. டிரம்மின் உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்தேன்; பள்ளமோ விளிம்பில் மேடோ இல்லை.

இந்த நேரத்தில்தான் அம்மா, யாரும் கேட்காமல், அந்தச் செய்தியைச் சொன்னார். முந்தின மாதம் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது, தொழிற்பேட்டைச் சாலையின் சந்திப்பில், மழைத்தண்ணீரில் பின்சக்கரம் சறுக்கியிருக்கிறது. பிரேக்கை இலேசாகத்தான் மிதித்தாராம். சக்கரம் பூட்டிக்கொண்டது. காலை எடுத்த பிறகும் பூட்டு விடவில்லை. வண்டி குறுக்கே திரும்பி, சாலையோரப் புல்லில் ஏறி நின்றிருக்கிறது. முழங்காலில் சிராய்ப்பு. பின்னால் வண்டி எதுவும் வரவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"நீ பரீட்சைல இருந்த."

நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். இதைப் பள்ளியில் சாலைப் பாதுகாப்புக் கட்டுரையில் பலமுறை எழுதியிருக்கிறேன், நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். காலை எடுத்தும் விடாத பிரேக் என்று அம்மா சொன்னதும் தாத்தாவும் நானும் கையில் இருந்த கேமைப் பார்த்தோம். கால் திருப்பிய கேமை ஸ்பிரிங்கால் திருப்ப முடியவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

திரும்பக் கோக்கும் வேலை கழற்றியதைவிட விரைவாக நடந்தது. வெள்ளைக் கோடு சரியாகப் பொருந்தியது. இரும்புப் பட்டை, போல்ட், புதிய பிளவு ஊசி. செயின் தளர்வைப் பார்த்து, சக்கரம் இரு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று அடையாளக் கோடுகளில் சரிபார்த்தேன். அச்சின் நட்டை இறுக்கும் முன் அம்மாவைக் கூப்பிட்டுப் பிரேக் மிதியை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் தாத்தா. அப்படிச் செய்தால் ஷூக்கள் டிரம்மில் அழுந்தி, தட்டு தானாகவே நடுமையத்தில் வந்து நிற்கும். அதன் பிறகு நட்டை இறுக்க வேண்டும். இந்த ஒரு நுணுக்கத்துக்காகவே அவருக்கு இரண்டு முறை தேநீர் போட்டுக் கொடுத்தேன்.

கடைசியாக மிதியின் தளர்வு. மிதி அசையத் தொடங்குவதிலிருந்து பிரேக் பிடிக்கத் தொடங்கும்வரை 20 முதல் 30 மில்லிமீட்டர் வெற்று ஓட்டம் இருக்க வேண்டும் என்கிறது இந்த வண்டியின் கையேடு. பள்ளி அளவுகோலை வைத்து அளந்தேன். நட்டின் அடிப்பகுதி வளைவாகக் குடைந்திருக்கும். அது உருளையின் மேல் சரியாக உட்கார வேண்டும். அரைச் சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று உட்காருவது கையில் தெரியும். பாதியில் நின்றால் ஓட்டத்தில் தானாகவே உட்கார்ந்துகொள்ளும், அளவு மாறிவிடும். 25இல் நிறுத்தினேன். சக்கரத்தைத் தள்ளினேன். சத்தமில்லாமல் சுற்றியது, நிற்கும்வரை மூன்று பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உடனே சாலைக்கு எடுத்துப் போகவில்லை. முதலில் தாமானுக்குள்ளேயே மெதுவாக, பின் பிரேக்கைச் சில முறை மிதித்து மிதித்து விட்டுப் பார்த்தேன். புதிய ஷூ டிரம்மோடு முழுதாகப் பொருந்தக் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை அதன் பிடி சற்றுக் குறைவாகவே இருக்கும். பிறகு சிம்பாங் பக்கம் போய் வந்தேன். திரும்பி வந்து குடத்தின் மேல் தண்ணீர் தெளித்தேன். துளி அப்படியே வழிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இது டிரம் பிரேக் உள்ள வண்டிக்கான கதை. பின்னால் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் உரசலுக்குக் காரணங்கள் வேறு: காலிப்பரின் பிஸ்டன் அழுக்கில் சிக்கியிருக்கலாம், அது நகரும் ஊசிகள் காய்ந்திருக்கலாம், ஈரத்தை உறிஞ்சும் பிரேக் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் இருக்கலாம். அதை வாசலில் உட்கார்ந்து முதல்முறை செய்து பார்க்க வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். ஆனால் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பதற்கும், ஓட்டி வந்ததும் இரண்டு சக்கரத்தின் சூட்டையும் நீர் தெளித்து ஒப்பிடுவதற்கும் எந்தக் கருவியும் வேண்டாம். டிஸ்க்கோ டிரம்மோ, அது இரண்டு நிமிட வேலை. பட்டறைக்குப் போகும்போது "பிரேக் பாருங்க" என்று சொல்வதற்குப் பதில், "நட்டைத் தளர்த்தியும் உரசுது, கேமைக் கழட்டிப் பாருங்க" என்று சொல்ல முடிந்தால் 35 வெள்ளி மிஞ்சும். எனக்கு மொத்தச் செலவு, கிரீஸும் எண்ணெயும் சேர்த்து, 41 வெள்ளி. கிரீஸ் டப்பாவில் இன்னும் பத்து வண்டிக்கு மிச்சம் இருக்கிறது. தாத்தா கூலி வாங்கவில்லை. என்னை அவருடைய கைப்பேசியில் ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துத் தரச் சொன்னார். அது அரை நாள் எடுத்தது.

மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து அம்மா வந்ததும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தேன்.

"பிரேக் ரொம்பக் கீழ போகுது பாப்பா. மிதிச்சா மொதல்ல ஒண்ணுமே இல்ல. பயமா இருக்கு."

அளவுகோலைக் கொண்டுவந்து காட்டினேன். 25 மில்லிமீட்டர், கையேட்டில் இருப்பதுதான். ஐந்து மாதம் தொட்டவுடன் பிடித்த மிதிக்குப் பழகிய கால் அது. அம்மா அளவுகோலைப் பார்க்கவில்லை, மிதியைப் பார்த்தார். நான் குனிந்து நட்டை அரைச் சுற்று இறுக்கினேன். 'டக்'. மீண்டும் அளந்தேன், 20க்குக் கீழே போகவில்லை. சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தேன், உரசவில்லை.

அம்மா ஏறி, தாமானை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறங்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"இப்பச் சரி. அந்தச் சரிவுல கேஸ் விட்டாலும் தானா ஓடுது. சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்ல, முன் பிரேக்கையும் கழட்டிப் பாத்துடு."